நீண்ட இரவுகளின் பூக்கள்

டிசம்பர் 21 அன்று டொராண்டோவில் சூரியன் காலை எட்டு மணியை ஒட்டி எழுந்து, மாலை ஐந்தாவதற்குள் மறைந்துவிடுகிறது. நடுப்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 23 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அதே நாள் நண்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் ஏறக்குறைய 57 டிகிரி உயரத்தில் நிற்கும். பகலும் பதினொன்றரை மணி நேரம் நீளும். டொராண்டோவுக்குக் கிடைப்பது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பகல். அதிலும் பல நாட்களை மேகம் விழுங்கிவிடும். வடக்கு பார்த்த ஜன்னலில் அந்த மாதம் முழுக்க ஒரு கீற்று வெயில்கூட நேராக விழாது.

அந்த நகரத்துக் கடைகளில் பூச்செடிகள் குவிவதும் இதே காலத்தில்தான். நவம்பர் பாதியிலேயே சூப்பர் மார்க்கெட் வாசல்களில் பளபளக்கும் தாள் சுற்றிய தொட்டிகள் வரிசை கட்டிவிடும். சிவப்பு பாயின்செட்டியா, இளஞ்சிவப்பு சைக்ளமென், வெள்ளை ஆர்க்கிட், மஞ்சள் கலன்கோ. வெளியே மரங்கள் மொட்டையாகி, புல்வெளி பழுப்பாகி, எங்கும் சாம்பல் பூத்துக் கிடக்கும்போது அந்த நிறங்களைக் கண்டு நிற்காமல் போவது கடினம். வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஜனவரி முடிவதற்குள் பல தொட்டிகள் இலை உதிர்ந்து குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன. ‘எனக்குச் செடி வளர்க்கும் கை இல்லை’ என்று வளர்த்தவர் தன்னையே நொந்துகொள்கிறார்.

அந்த நோவுக்கு அவசியமில்லை. பெரும்பாலும் பிழை கையில் இருப்பதில்லை, கடையில் கேட்கப்படாமல் போன கேள்வியில் இருக்கிறது. எந்த நிறம் என்று பார்ப்பதற்கு முன், வீட்டில் எவ்வளவு இருட்டு இருக்கிறது, எவ்வளவு குளிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பூக்கும் செடிகளில் பலவற்றைப் பூக்க வைப்பது வெளிச்சத்தைவிட, இந்த இரண்டும்தான்.

இருட்டு பூக்க வைக்கும் என்பதை உலகம் ஒரு புகையிலைச் செடியிடமிருந்து கற்றது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் ஆய்வுப் பண்ணையில் வைட்மன் கார்னர், ஹாரி அல்லார்ட் என்ற இரு அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கோடை முழுவதும் அது ஆளுயரம் தாண்டி வளரும், இலை விடும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தால், சிறிய செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்கிய பிறகு, மிஞ்சியது பகலின் நீளம் மட்டுமே. 1918 ஜூலையில், நல்ல வெயில் காலத்தில், தினமும் மாலையில் தொட்டிகளை இருட்டறைக்குள் கொண்டுபோய் மறுநாள் காலைதான் வெளியே எடுத்தார்கள். செடிகள் பூத்தன. 1920இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தோட்டக்கலையின் போக்கையே மாற்றியது.

1938இல் கார்ல் ஹாம்னர், ஜேம்ஸ் பானர் இருவரும் இன்னும் ஒரு படி முன்னால் போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்த் தரிசுகளிலும் முளைக்கிற, துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்களைக் கொண்ட மருளூமத்தை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் செடி அதைக் கண்டுகொள்ளவில்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் பூப்பதை நிறுத்திவிட்டது. செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இரவை என்பது அதிலிருந்து தெரிந்தது. பிறகு மேரிலாண்டின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், இந்தக் கணக்கை வைத்திருக்கும் இலையின் நிறமியை 1959இல் கண்டுபிடித்தார்கள். சிவப்பு ஒளிக்கு அது மிகவும் கூர்மையாக விழித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் பூ விவசாயிகளுக்கு இந்த விஷயம் கைப்பழக்கத்தில் தெரியும். செவ்வந்தியும் நீண்ட இரவுக்குப் பூக்கும் செடிதான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இரவு நேரத்தில் செவ்வந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்புகள் எரிவதைச் சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம். செடி நன்றாக வளரும்வரை அதற்கு இரவைக் கொடுக்காமல் வைத்திருந்து, சந்தைக்குத் தோதான நாளில் விளக்கை அணைப்பார்கள்.

கடையில் முதலில் கண்ணில் படும் பாயின்செட்டியா இந்தக் கணக்கின் சுத்தமான எடுத்துக்காட்டு. பிறந்த ஊர் மெக்சிகோவின் பசிபிக் பக்கத்து மலைச்சரிவுகள். அங்கே அது தொட்டிச் செடி அல்ல. மூன்று, நான்கு மீட்டர் உயரும் ஒல்லியான புதர். ஆஸ்டெக் மக்கள் அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தாஸ்கோ பகுதியில் இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் கிறிஸ்து பிறப்பு ஊர்வலங்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். டிசம்பரில் தானாகச் சிவக்கும் செடிக்கு அந்தப் பண்டிகையோடு உறவு ஏற்படுவது இயல்பு. 1825 முதல் 1829 வரை மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் அதைத் தென் கரோலினாவுக்கு அனுப்பினார். ஆங்கிலத்தில் அவர் பெயரே செடிக்கும் நிலைத்தது. அவர் 1851 டிசம்பர் 12 அன்று இறந்தார். அமெரிக்காவில் அந்த நாள் இப்போது செடியின் நாள். பின்னாளில் போர்த்துறை அமைச்சராக, பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட காலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஒல்லிப் புதர் எப்படிக் குட்டையான, அடர்ந்த தொட்டிச் செடியாயிற்று? கலிபோர்னியாவின் என்சினிடஸில் எக்கே குடும்பம் பல பத்தாண்டுகள் இந்தச் செடியின் சந்தையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அவர்களுடைய செடிகள் பல கிளைகளோடு நிறைந்து நின்றன. மற்றவர்களுடையவை ஒற்றைக் குச்சியாக நீண்டன. ஒட்டுக்கட்டுவதுதான் அவர்களுடைய ரகசியம் என்பது 1990களின் தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. 1997இல் இன்னும் வியப்பான காரணம் தெரியவந்தது. ஒட்டுக்கட்டும்போது ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. நம் கத்தரியில் சிற்றிலை நோயை உண்டாக்கி, இலைகளைச் சுருக்கிக் கொத்துக் கொத்தாக்கிக் காயே இல்லாமல் செய்வதும் இதே வகை நுண்ணுயிரிதான். கத்தரித் தோட்டத்தில் விவசாயியை அழவைக்கும் ஒன்று, பாயின்செட்டியாவில் அந்த அடர்த்தியான அழகைக் கொடுக்கிறது. இன்று விற்கப்படும் ஏறக்குறைய எல்லாத் தொட்டிச் செடிகளும் அந்தத் தொற்றோடுதான் வருகின்றன.

சிவப்பாகத் தெரிபவை இதழ்கள் அல்ல. நிறம் மாறிய இலைகள். நடுவில் கடுகளவாக, மஞ்சளும் பச்சையுமாக இருப்பவையே பூக்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது அவற்றைத்தான். அவை இறுக மூடியோ, இப்போதுதான் திறந்தோ இருந்தால் செடி இன்னும் பல வாரம் நிற்கும். மகரந்தம் கொட்டி, அவை உதிரத் தொடங்கியிருந்தால், எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. வாசல் கதவு திறந்து மூடும் இடத்தில் குளிர்காற்றில் நின்ற செடியை எடுக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே போன காற்று அதன் இலைகளைக் கெடுத்துவிடும்; சேதம் இரண்டு நாள் கழித்துதான் தெரியும். கடையிலிருந்து கார் வரை நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கும் தாளால் முழுக்கச் சுற்றித் தரச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடமும் அதே செடி சிவக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு முதல் பத்து வாரங்களுக்கு, மாலை ஐந்திலிருந்து காலை ஏழு வரை, பதினான்கு மணி நேரம், முழு இருட்டு. அறையில் யாரோ ஒருவர் நடு இரவில் தண்ணீர் குடிக்க விளக்கைப் போட்டாலும், தெருவிளக்கு ஜன்னல் வழியே விழுந்தாலும் கணக்கு கலையும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேலியோரத்தில் யாரும் தொடாமலேயே அது டிசம்பரில் சிவந்து நிற்பதற்குக் காரணம், அங்கே அதற்கு முழு இரவு இருக்கிறது. நகரத்து அடுக்குமாடியில் இரவு என்று ஒன்று கிடையாது. அலமாரிக்குள் தினமும் தூக்கி வைத்து எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள், பிப்ரவரிக்குப் பிறகு செடியை விட்டுவிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் உண்டு என்றால் கிறிஸ்துமஸ் கள்ளியை எடுப்பது நல்லது. கள்ளி என்றதும் பாலைவனம் நினைவுக்கு வரும். இது மழைக்காட்டுச் செடி. ரியோ டி ஜெனீரோவுக்கு வடக்கே, ஆர்கன் மலைத்தொடரின் ஈர மூடுபனிக்குள், மரக்கிளைகளின் கவட்டில் பாசியில் வேரூன்றித் தொங்கும். முள் இல்லை, தட்டையான தண்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து நீளும். அதன் நாட்டில் இரவு நீளத் தொடங்கும் மே மாதம் பூக்காலம். வடக்குக்கு வந்ததும் அதே கணக்கில், நவம்பரிலும் டிசம்பரிலும் பூக்கிறது. 1840களில் இங்கிலாந்தில் வில்லியம் பக்லி இரண்டு காட்டு இனங்களைக் கலந்து உருவாக்கியதே பழைய குடும்பங்களில் கைமாறி வரும் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. அதன் தண்டு ஓரங்கள் வழவழப்பாக வளைந்திருக்கும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது ஓரத்தில் கூரான பற்கள் உள்ள இன்னொரு வகை; அது சில வாரம் முந்திப் பூக்கும்.

இந்தச் செடிக்கு இருட்டு, குளிர் என்ற இரண்டு கதவுகள் உண்டு. இரவு வெப்பம் 10 முதல் 13 டிகிரிவரை இறங்கினால், விளக்கைப் பற்றிக் கவலையே இல்லாமல் மொட்டு வைத்துவிடும். அறை அதைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் பதிமூன்று மணி நேர இருட்டு வேண்டும். ஹீட்டர் குறைவாக ஓடும், யாரும் படுக்காத ஒரு சிறிய அறையின் ஜன்னல் போதும். செப்டம்பர், அக்டோபரில் அங்கே வைத்துவிட்டு மறந்துவிடலாம். மொட்டுகள் வந்த பிறகு அடிக்கடி இடம் மாற்றினாலோ, சூட்டுக்குழாய்க்கு மேலே வைத்தாலோ மொட்டுகள் உதிர்ந்துவிடும். பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் அதுதான். சரியான இடம் கிடைத்துவிட்டால் இது பல பத்தாண்டுகள் வாழும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கள்ளிகள் வட அமெரிக்க வீடுகளில் சாதாரணம்.

சைக்ளமென் விஷயத்தில் வீட்டின் குளிர்தான் எல்லாம். துருக்கியின் தெற்கிலிருந்து சிரியா, லெபனான், பாலஸ்தீனம் வழியாக நீளும் பாறைச் சரிவுகளில் அதன் கிழங்கு கோடை முழுவதும் காய்ந்த மண்ணுக்குள் உறங்கும். இலையுதிர்கால மழை வந்ததும் இலை விட்டு, குளிரில் பூத்து, வெயில் ஏறியதும் மீண்டும் அடங்கும். அதாவது இந்தச் செடிக்கு வெப்பம் என்பது உறங்கச் சொல்லும் கட்டளை. டொராண்டோ வீடுகள் குளிர்காலத்தில் 21, 22 டிகிரியில் இருக்கின்றன. அங்கே வந்து சேர்ந்த சைக்ளமென் மூன்றாவது வாரம் மஞ்சளாகி விழுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். கிழங்கு அழுகுகிறது. செடி சாகவில்லை, கோடை வந்துவிட்டதென்று நம்பித் தூங்கப் போயிருந்தது.

ஐரோப்பாவின் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஓர் அறையில் மட்டும் நெருப்பு எரியும். மாடிப்படி, வரவேற்பறை, பின்கட்டு எல்லாம் குளிர்ந்தே கிடக்கும். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் செடிகளுக்கு எதிரியாக இருந்தது நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும்தான். 1829இல் நத்தானியேல் வார்ட் என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்துத் தழைப்பதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளுக்குள் லண்டன்வாசிகள் வரவேற்பறைச் செடிகளைக் காப்பாற்றினார்கள். அதே பெட்டிகளில்தான் செடிகள் கடல் கடந்தும் போயின. காற்று இன்று சுத்தம். வீடு முழுக்க ஒரே சூடு. நம் வசதி, குளிர் தேவைப்படும் பூக்களிடமிருந்து அவற்றின் அறையைப் பறித்துவிட்டது. ஆனாலும் தேடினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளிர்ந்த மூலை உண்டு: கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரம், பேஸ்மென்ட் ஜன்னல், கராஜுக்குப் போகும் நடைவழி. ஒரு சாதாரண வெப்பமானியை ஒரு வாரம் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 10க்கும் 16க்கும் இடையில் ஓர் இடம் கிடைத்தால் சைக்ளமென் இரண்டு, மூன்று மாதம் பூக்கும். தண்ணீரை மேலிருந்து கிழங்கின் மேல் ஊற்றாமல், தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விட வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டுக்கு, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அதை வாங்காமல் இருப்பதே அன்பு.

சூடான, விளக்கெரியும் வீட்டுக்கு ஏற்ற பூ ஒன்று உண்டு. ஆப்பிரிக்க வயலட் இரவைக் கணக்கெடுப்பதில்லை. இன்றைய தான்சானியாவின் உசம்பரா மலைகளில், 1892இல் ஜெர்மன் காலனி அதிகாரியான வால்டர் வான் செயின்ட் பால் அதைக் கண்டு விதைகளைத் தன் தந்தைக்கு அனுப்பினார். அடுத்த வருடமே ஹனோவரில் ஹெர்மன் வெண்ட்லாண்ட் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். காட்டின் நிழலில், ஈரப் பாறைப் பிளவுகளில், மனிதர்களுக்குப் பிடித்த அதே 18 முதல் 24 டிகிரி வெப்பத்தில் வாழ்ந்த செடி அது. மேசை விளக்கடியில் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேர வெளிச்சம் கொடுத்தால் ஜன்னலே இல்லாத அறையிலும் வருடம் முழுக்கப் பூக்கும். ஊதா, நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு. குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய தழும்பு விழும். அறை வெப்பத்துத் தண்ணீரே வேண்டும். ஓர் இலையைக் கிள்ளி மண்ணில் செருகினால் புதுச் செடி. உலகெங்கும் எத்தனையோ ஜன்னல்களில் அது பெருகியிருக்கும்போது, அதன் சொந்த மலைக்காடுகள் வெட்டப்பட்டு, காட்டினங்கள் பல அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு வளர்ப்பது, தெரியாமல் வளர்ப்பதைவிட மேல்.

ஆர்க்கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபலனாப்சிஸ் எனப்படும் அந்துப்பூச்சி ஆர்க்கிட் இன்று எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு பூங்கதிர் இரண்டு, மூன்று மாதம் நிற்கும். இலையுதிர்காலத்தில் சில வாரம் ஜன்னலோரத்தின் இளங்குளிர் பட்டால் மறுபடியும் கதிர் விடும். வேர் தண்ணீரில் நிற்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். கலன்கோ அதைவிட எளிது. மடகாஸ்கரின் செடி, 1932இல் போட்ஸ்டாம் நகரத்து நாற்றங்கால்காரர் ராபர்ட் ப்ளாஸ்ஃபெல்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இலை ஓரத்தில் குட்டி போடும் நம் ரணகள்ளியின் நெருங்கிய உறவு. தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பதால், ஊற்ற மறந்துவிடுகிறவர்களையும் அது மன்னிக்கும்.

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ் வீடுகளில் குளிர்காலம் தொடங்கும்போது இன்னொரு ஊர்வலம் நடக்கிறது. செப்டம்பர் கடைசியில், முதல் உறைபனிக்கு முன், கறிவேப்பிலைத் தொட்டியும் மல்லிகைத் தொட்டியும் பின்முற்றத்திலிருந்து உள்ளே வந்துவிடும். கறிவேப்பிலை கொஞ்சம் இலை கொட்டினாலும் தாக்குப்பிடிக்கும். மல்லிகை மனதை உடைக்கும். சூடும் கடும் வெயிலும் சேர்ந்து கிடைத்தால்தான் மொட்டு வைக்கும் செடி அது. 23 டிகிரிச் சூரியனிடம் அதற்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஜனவரியில் அது பூக்கவில்லை என்று உரம் போடுவது, களைத்துப் படுத்திருப்பவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்வதைப் போன்றது. அதை உயிரோடு மே மாதம் கொண்டுசேர்த்தாலே குளிர்காலம் வெற்றி.

மணத்துக்காக ஏங்குகிறவர்களுக்குச் சீனத்தின் யுன்னான் பகுதி மலைகளிலிருந்து ஒரு வழி இருக்கிறது. அங்கிருந்து வந்த பாலியாந்தம் என்ற மல்லிகையினம், இளஞ்சிவப்பு மொட்டுகளும் வெள்ளைப் பூக்களுமாக, ஜனவரி, பிப்ரவரியில் தோட்டக்கடைகளில் கம்பி வளையத்தில் சுற்றிய கொடியாக விற்கப்படுகிறது. இலையுதிர்காலத்தின் குளிர்ந்த இரவுகள்தான் அதை மொட்டு வைக்கச் செய்கின்றன. அதனால் செப்டம்பரில் மல்லிகையை அவசரமாக உள்ளே கொண்டுவரும் அதே வீட்டில், இதை உறைபனி வரும்வரை வெளியிலேயே விட்டுவைக்க வேண்டும். மணம் நம் மல்லிகையின் மணம் அல்ல. கொஞ்சம் கனமானது, மூடிய அறையில் சிலருக்குத் தலைவலி தரும் அளவுக்குக் கனமானது. ஆனால் பனி கொட்டும் ஒரு நாளில் ஒரு முழு வீட்டையும் நிறைக்க ஒரு கொடி போதும். தமிழ் வீடுகளில் இது இன்னும் அதிகம் புழங்க வேண்டிய செடி.

செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். 1989இல் நாசா நடத்திய ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. பிந்தைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட 2019 கட்டுரையின்படி, சாதாரண வீட்டின் காற்றோட்டத்துக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும். 1984இல் நார்மன் ரோசந்தாலும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த குளிர்கால மனச்சோர்வுக்கும் பூத்தொட்டி சிகிச்சை ஆகாது. அதற்கு 10,000 லக்ஸ் ஒளிவிளக்கும் மருத்துவரும் உண்டு. நிறம் வேண்டும் என்பதே போதுமான காரணம். வேறு நியாயம் எதையும் அதற்குத் துணை சேர்க்கத் தேவையில்லை.

பூனை உள்ள வீட்டில் மட்டும் நிறத்துக்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். லில்லிப் பூக்களின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் சிதைத்து உயிரை எடுத்துவிடும். அவை வாசலையே தாண்டக் கூடாது. சைக்ளமென் கிழங்கு, அமரில்லிஸ் கிழங்கு, கலன்கோ மூன்றும் நஞ்சு. பாயின்செட்டியாவின் பால் தோலையும் வயிற்றையும் உறுத்துமே தவிர, ஊரெல்லாம் பயப்படும் அளவுக்குக் கொடியது அல்ல. கிறிஸ்துமஸ் கள்ளி, ஆப்பிரிக்க வயலட், ஃபலனாப்சிஸ் மூன்றும் பாதுகாப்பானவை.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை ஆலன் கார்டன்ஸ் போய் வருவது நல்ல பயிற்சி. டொராண்டோ நடுநகரில், ஜார்விஸ், ஷெர்போர்ன் தெருக்களுக்கு நடுவே, 1910இல் கட்டிய கண்ணாடிக் குவிமாடத்தை நடுவில் வைத்து நீளும் தாவரக்கூடம் அது. நுழைவுக் கட்டணம் இல்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் மலர்க்காட்சி நடக்கும். ஒரு கூடம் ஈரமும் வெப்பமுமாகக் கண்ணாடியைப் பனிபடரச் செய்யும். இன்னொன்றில் மேல்கோட்டைக் கழற்ற மனம் வராது. எந்தக் கூடத்தில் எந்தச் செடியை வைத்திருக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு வந்தால், வீட்டில் எதை எங்கே வைப்பது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இருட்டையும் குளிரையும் சரிபார்த்த பிறகும் எதுவும் ஒத்துவராத வீடுகள் உண்டு. வடக்கு ஜன்னல், மத்திய ஹீட்டர், நாள் முழுதும் வேலைக்குப் போகும் மனிதர்கள். அங்கே வைக்க வேண்டியது அமரில்லிஸ் கிழங்கு. தென் அமெரிக்க இனங்களிலிருந்து பிறந்த கலப்பு. லங்காஷயரில் ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரத் தொழிலாளி 1799இல் முதல் கலப்பை வளர்த்தெடுத்தார். பூக்கத் தேவையான உணவையும் மொட்டையும் கிழங்கு ஏற்கெனவே உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது; இரவைப் பற்றியும் பகலைப் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. கிழங்கில் கஞ்சத்தனம் கூடாது: சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளதாக எடுத்தால் இரண்டு தண்டுகள் வரும், ஒவ்வொன்றிலும் உள்ளங்கையைவிடப் பெரிய நான்கு பூக்கள். கிழங்கைவிடச் சற்றே அகலமான தொட்டியில், மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, முளை தலைகாட்டும்வரை தண்ணீரை மிகவும் குறைத்து, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு ஜன்னல் பக்கமே சாய்ந்துவிடும்.

நட்டதிலிருந்து பூக்க ஆறு முதல் எட்டு வாரம். ஜனவரி நடுவில் வரும் பொங்கலுக்கு அது விரிய வேண்டுமென்றால் நவம்பர் கடைசி வாரத்தில் நட வேண்டும். அறை சூடாக இருந்தால் சில நாள் முந்தும். மொட்டு நிறம் காட்டியதும் தொட்டியைக் குளிர்ந்த மூலைக்கு மாற்றினால் பூ இன்னும் ஒரு வாரம் கூடுதலாக நிற்கும். பூ உதிர்ந்ததும் தண்டை மட்டும் வெட்டி இலைகளை விட்டுவிட வேண்டும். அடுத்த வருடத்துக்கான மொட்டை அந்த இலைகள்தான் சம்பாதிக்கின்றன. மே கடைசியில் வெளியே போய், கோடை முழுவதும் வெயிலும் உரமும் வாங்கி, செப்டம்பரில் மல்லிகையோடு சேர்ந்து உள்ளே வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். பிறகு எட்டு முதல் பத்து வாரம் பேஸ்மென்ட்டின் இருட்டில் உறங்கும். அதை மறுபடியும் மேலே கொண்டுவரும் நாளும் நவம்பர் கடைசி வாரத்தில்தான் வருகிறது.